விழுகிறவனைக் குத்தாத கை

— “விழுந்துக்கிட்டு இருக்கிற ஆள அலி ஏண்ணே இன்னொரு குத்து குத்தல?” அப்படித்தானே கேட்ட நீ? ஆறு வயசு. முன்பல்லு ரெண்டு இல்ல.

— செல்வாண்ணே, இப்ப எதுக்கு அது? இன்னும் கொஞ்ச நேரத்துல நான் குத்துச்சண்டை ரிங்ல நிக்கணும்.

— அதுக்குத்தான் சொல்றேன், ஷர்மி. போர்மேன் சரியுறான். அலி வலது கைய ஓங்கிட்டாரு. குத்தியிருக்கலாம். குத்தல. எழுபத்து நாலு, கின்ஷாசா, எட்டாவது ரவுண்டு. இப்ப உள்ளவன் எவனாச்சும் அப்படி நிப்பானா?

— உசிக் நிப்பான்.

— அலமாக்! அவன் கணக்கு வாத்தியார் மாதிரி குத்துறான் லா.

— கணக்குப் பண்ணித்தான் ஜெயிக்கணும். உன் பழைய ஆளுங்க இப்ப வந்தா இவனுங்க காலடி வேகத்துக்கே தலை சுத்திரும். டுரான கொண்டு வந்து என் இனோவே முன்னால நிறுத்து பார்ப்போம்.

— இனோவேய ஜப்பானுக்கே பார்சல் கட்டி அனுப்பிருவாரு டுரான். விரல விரி, பேண்டேஜ் சுத்தணும்... உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?

— ஏர்கோன் குளிரு.

— இந்த ரூம்ல ஏர்கோனே இல்ல, பாப்பா. காத்தாடிதான்.

— சரி, பயம்தான். இன்னைக்கு என்கூட மோதுற கிளந்தான் பொண்ணு போன சண்டையில ஒருத்திய ஸ்ட்ரெட்சர்ல அனுப்பிட்டாண்ணே. பார்த்தேல்ல?

— ம்... அம்மா குடுத்தாங்களே, முனீஸ்வரர் கோயில் விபூதி. இரு, பூசிவிடுறேன்.

— பூசிட்ட.

— எப்ப?

— இப்பத்தான்... பரவால்ல, இன்னொரு தடவ பூசு. டபுள் பாதுகாப்பு.

— சிரிக்காத. பேண்டேஜ பார்க்க அதிகாரி வருவாரு. போன தடவ அவரு என்னைய ஒரு மாதிரி பார்த்தாரு. இன்னொரு தப்பு பண்ணேன்னா ரிங் ஓரத்துல நிக்க விடுற கோர்னர் அட்டைய பிடுங்கிருவாரு. நீ ரிங்ல, நான் வெளியே ஜனங்களோட... அப்படி ஒரு நாள் வந்துருமோ, பாப்பா?

— அப்படி ஒண்ணும் நடக்காதுண்ணே.

— நடக்காதுல்ல?

— நடக்க விடமாட்டேன்.

— ம். சின்னதுல நீதான் என் கைக்குக் கட்டிவிடுவ, ஞாபகம் இருக்கா? நான் டிரெய்னிங் கிளம்புறப்ப குறுக்க நிப்ப. “நான் கட்டினாத்தான் அண்ணன் ஜெயிக்கும்”னு.

— ரொம்ப கேவலமா கட்டியிருப்பேன்.

— சேச்சே. நல்லாத்தான் கட்டுன.

— ... சரி, சொல்லு. அலி கோலாலம்பூர் வந்தது எப்போ?

— எழுபத்தஞ்சு. மெர்டேக்கா ஸ்டேடியம். ஜோ பக்னர். பதினஞ்சு ரவுண்டும் போச்சு, பாயிண்ட்ஸ்ல அலி. நம்ம அப்பா சாஆ எஸ்டேட்டுலேருந்து லோரி ஏறிப் போனாரு. கடைசி வரிசை. அலி எறும்பு அளவுக்குத்தான் தெரிஞ்சாராம். “எறும்பா இருந்தாலும் அலி எறும்புடா”ம்பாரு.

— உசிக்கும் பியூரியும் ரெண்டாவது தடவ மோதினாங்களே, உன் வீட்டு சோபாவுல உட்கார்ந்து பார்த்தோம். அதுல யாரு ஜெயிச்சது?

— அதெல்லாம் ஒரு சண்டையா?

— யாரு ஜெயிச்சதுண்ணே?

— சும்மா கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னானுங்க... அத எவன் ஞாபகம் வெச்சுக்குவான்?

— நீ எழுந்து நின்னு கத்துன. அண்ணியோட தேத்தண்ணி கிளாஸத் தட்டி விட்ட.

— கத்துனேனா?

— ஆமாண்ணே.

— இந்தக் காலத்து ஆளுங்க மனசுல நிக்க மாட்டேங்கறானுங்க, ஷர்மி. அதான் சொல்றேன், பழைய ஆளுங்கதான் பெரிய ஆளுங்க.

— அண்ணி எங்கிட்ட ஒண்ணு சொன்னாங்க.

— உன் அண்ணிக்கு வேற வேலை இல்ல.

— வேலை முடிஞ்சு சிங்கப்பூர்லேருந்து வரும்போது, எல்லைப் பாலத்துக்குப் போற வழி தெரியாம உட்லண்ட்ஸ்ல மோட்டோர ஓரங்கட்டி நின்னியாமே. தினம் வர்ற வழிண்ணே.

— மழை.

— அன்னைக்கு மழை இல்ல.

— ... மழைன்னு வெச்சுக்கயேன்.

— அலிக்கும் இப்படித்தானே...

— நிறுத்து. அவரு நடுங்குன கையாலதான் ஒலிம்பிக் தீபத்த ஏத்துனாரு. உலகமே பார்த்துச்சு. நீ கைய ஆட்டாம காட்டு.

— நான் ஆட்டலண்ணே.

— அப்ப ஆடுறது யாரு கை?

— சரி, நான்தான் ஆட்டிட்டேன். பயத்துல. நீ கட்டு.

— ... சரி. ரெண்டு கையும் முடிஞ்சுது. எப்படி இருக்கு?

— சூப்பர்ணே.

— என் உள்ளங்கையில ஒரு குத்து குத்திப் பாரு.

— வேணாம். டாய்லெட் போயிட்டு ஓடி வந்துடறேன்.

— இப்பவா?

— அதிகாரி வர்றதுக்குள்ள வந்துருவேன்.

— ஷர்மி... அங்க போகாத.

— ஏன்?

— கிளந்தான் பொண்ணோட கோச் வாசல்லேயே நிக்கிறாங்க. பார்த்துருவாங்க.

— எத?

— நீ அவுத்துக் கட்டுறத.

— உனக்கு எப்படித் தெரியும்?

— போன சண்டையில பார்த்தேன். கதவு இடுக்குல. துணிய பல்லால கவ்விக்கிட்டு, தனியா சுத்திக்கிட்டு இருந்த. எது எதுவோ மறக்குது, அது மட்டும் போக மாட்டேங்குது.

— அண்ணே...

— இன்னைக்கும் மணிக்கட்டுலேயே சுத்திட்டேன்ல? சுத்தினது மறந்து மறந்து, திரும்ப அங்கேயே. விரல் முட்டிக்கு வரவே இல்ல.

— ... வரல.

— இந்தக் கையோட போயிருந்தா உன் எலும்பு உடைஞ்சிருக்கும். ஏன் என்னைய திட்டல?

— நீயே சரிஞ்சுக்கிட்டு இருக்க. நான் எப்படிண்ணே...

— அந்தத் துண்ட இங்க குடு, பாப்பா.

— அழாத. அதிகாரி வந்தா கேட்பாரு.

— பயமா இருக்கு, பாப்பா. ஒரு நாள் ரிங்ல உன்னையே பார்த்து, இது யாருன்னு...

— எனக்கும் பயமா இருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம். நான் கூட வரேன்.

— நீ ஜெயிச்சாலா, தோத்தாலா?

— ரெண்டுக்கும்.

— மூக்கு உடைஞ்சா?

— அப்ப ரெண்டு பேருக்கும் சேர்த்தே நம்பர் எடுத்துக்கலாம்.

— நாயே... வாய் மட்டும் குறையல. சரி, உட்காரு. இங்கேயே அவுத்துக் கட்டு. நான் கதவுல சாய்ஞ்சு நிக்கிறேன். ஒருத்தரும் உள்ள வர முடியாது.

— நீ பாருண்ணே, பரவால்ல.

— வேணாம். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்... ஷர்மி?

— ம்?

— அலியப் பத்தி நீ கேட்ட அந்தக் கேள்விக்கு அப்ப நான் என்ன பதில் சொன்னேன்?

— “அலிக்குக் கை வலிச்சிருக்கும்”னு சொன்ன.

— தப்பான பதில்.

— தெரியும்ணே.

— பேண்டேஜ் யாரு கட்டினதுன்னு அதிகாரி கேட்டா?

— எங்க அண்ணன்னு சொல்வேன்.

— பொய்.

— சின்னப் பொய்தான். சாமி மன்னிச்சுரும்.

— யாருகிட்டடி கத்துக்கிட்ட இதெல்லாம்? சூப்பர்னு சொல்றது, அப்புறம் ஒளிஞ்சு போய் அவுத்துக் கட்டுறது...

— உங்கிட்டதான். ஆறு வயசுல நானும் உன் மணிக்கட்டுலேயே சுத்தி சுத்தி விடுவேன், ஓலையில சோத்தப் பொதியுற கெத்துப்பாட் மாதிரி. நீ “சூப்பர் பாப்பா”ன்னுட்டு, கோழிக்கூண்டுக்குப் பின்னால போய் அவுத்துக் கட்டுவ. நான் குசினி ஜன்னல்ல நின்னு தினம் பார்ப்பேண்ணே. பார்த்துட்டுத்தான் மறுநாளும் கட்டிவிட வருவேன்... இந்தா, முடிஞ்சுது. திரும்பு. உள்ளங்கைய நீட்டு.