அம்புறோஸ் அண்ணைக்கு வாய்வு

— நெருப்பு எங்கை எரியுது எண்டு கேக்கிறன்! தீயணைக்கிறவங்களை என்ர வீட்டுக்கை ஆர் கூப்பிட்டது?

— உங்கட நெஞ்சுக்கை எரியுதெண்டு மகள் யூலியா போன் பண்ணினவ, அம்புறோஸ் அண்ணை. இந்த ஊரிலை அம்புலன்ஸும் தீயணைப்புக்காரர்தான் ஓடுறது. தண்ணி அடிக்கமாட்டம், பயப்பிடாதேங்கோ. சேட்டைக் கழட்டுங்கோ.

— கழட்டேலாது. புதுச் சேட்டு. கொறற்றி, இவர் ஆரெண்டு தெரியுதோ? கோயிலிலை கடைசி வாங்கிலை இருந்துபோட்டு, பூசை முடிய முந்தி ஓடுற ஜூலியன். அம்புலன்ஸ் ட்றைவர்.

— ட்றைவர் இல்லை அண்ணை. உயிரைப் பிடிச்சு வைக்கிறதுக்கெண்டே படிச்சுச் சோதினை பாஸ் பண்ணினனான். ட்றைவர் இந்தா நிக்கிறார், ஸ்ரெபன். அவருக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் தாராளமா ஏசலாம்.

— தம்பி ஜூலியன், குறை நினையாதேங்கோ. இவருக்கு வாய்வு. மாப்பிளை வீட்டுக்காரருக்கெண்டு காலமை உளுந்து வடை சுட்டனான். ருசி பாக்கிறன், ருசி பாக்கிறன் எண்டு அரைச் சட்டி வடையை முடிச்சுப்போட்டார். உள்ளியும் இஞ்சியும் அவிச்சுக் குடுத்திருக்கிறன், இப்ப இறங்கீடும்.

— கொறற்றி அக்கா, வாய்வுக்கு ஏன் இடக்கை நோகுது?

— ஆர் சொன்னது எனக்குக் கை நோகுதெண்டு?

— நீங்கள்தான் அண்ணை அதைப் பிள்ளை மாதிரி மடியிலை வைச்சுத் தடவிக்கொண்டு இருக்கிறியள்.

— சோபாவை இழுத்தனான். அந்தப் பிடிப்பு.

— வேர்வை?

— ஜூன் மாசத்திலை வேர்க்காமல் பனியே கொட்டும்? விசர்க் கதை கதையாதையும்.

— அக்காவுக்கு வேர்க்கேல்லை. ஸ்ரெபன் இவ்வளவு பெட்டியையும் தூக்கிக்கொண்டு மூண்டு மாடி ஏறி வந்தவர், அவருக்கே வேர்க்கேல்லை. நீங்கள் இருந்த இடத்திலை இருந்தபடி தோய்ஞ்சுபோய் இருக்கிறியள்.

— என்ர மடு மாதாவே! தம்பி, செய்யிறதைக் கெதியாச் செய்துபோட்டுப் போங்கோ. யூலியாவைப் பொம்பிளை பாக்க வருகினம். பின்னேரம் ஜெர்மனி விளையாடுதாம், மாப்பிளை மட்ச் பாக்கவேணுமாம். அதாலை வெள்ளண வாறம் எண்டு சொல்லிப்போட்டினம். வாசல்லை உங்கட வண்டி நிண்டால் என்ன நினைப்பினம்?

— வண்டி நிண்டால் ஆரோ உயிரோடை இருக்கினம் எண்டு நினைப்பினம் அக்கா. உயிர் போனால் வாறது வேறை வண்டி. அண்ணை, கொஞ்சம் பின்னுக்குச் சாயுங்கோ.

— உது என்ன கத்தி?

— சவர றேசர். உங்கட நெஞ்சிலை வயர் ஒட்டவேணும், பத்தைக்காடாக் கிடக்கு.

— தொடாதையும்! முப்பது வருசமா வளர்த்தது!

— மாப்பிளை வீட்டுக்காரர் உங்கட நெஞ்சையே பாக்க வருகினம்? அக்கா, அந்தக் கையைப் பிடியுங்கோ. இப்ப கொஞ்ச நேரம் மூச்சுவிடுற வேலையை மட்டும் பாருங்கோ அண்ணை... ம்ம்.

— என்ன ம்ம்? என்னப்பா, மெசினைப் பாத்துப்போட்டு மாடு மாதிரி ம்ம் எண்டுறார்.

— அண்ணை, இது வாய்வில்லை. மாரடைப்பு. உங்கட இருதயத்துக்குப் போற ரத்தக் குழாய் ஒண்டு அடைபட்டுக் கிடக்கு. இண்டைக்கே அதைத் திறக்கவேணும். கெதியாப் போனால் திறக்கலாம். நிண்டு கதைச்சுக்கொண்டு இருந்தால், கதை மட்டும்தான் மிஞ்சும்.

— உம்மட மெசினுக்கு விசர்.

— ஓம், மெசினுக்கும் விசர், எனக்கும் விசர். ஸ்ரெபன் கதிரை எடுக்கப் போறார். சக்கரம் வைச்ச கதிரை. அதிலை இருத்தி உங்களைக் கீழை இறக்குவம். டொக்டர் தன்ர காரிலை வந்து வண்டியடியிலை எங்களைச் சந்திப்பார்.

— கதிரையிலை வைச்சுத் தூக்கிறதோ? என்னையோ? இந்தக் கோயில் சபைத் தலைவரையோ? தம்பி, ஒருக்கா ஜன்னலாலை எட்டிப் பாரும். உலகக் கிண்ணம் எண்டு ஒவ்வொரு பல்கனியிலையும் கொடியைக் கட்டிப்போட்டு இறைச்சி வாட்டுறாங்கள். கீழ் வீட்டிலை நடேசன் குடும்பம். நான் கதிரையிலை இறங்கினால் அடுத்த நிமிசம் ஜெர்மனி முழுக்கத் தெரியும்.

— ஜெர்மனி முழுக்க இண்டைக்கு மட்ச் பாக்குது அண்ணை. உங்களை ஆர் பாக்கப்போயினம்?

— தமிழன் பாப்பான்!

— தம்பி, உங்களுக்கு விளங்காது. தரகர் லூர்தம்மா ஒவ்வொண்டாக் கேட்டவ. சீனி இருக்கோ, பிறசர் இருக்கோ, ஹார்ட் இருக்கோ, பரம்பரையிலை ஆருக்கும் இருந்ததோ எண்டு. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வருமாம், பேரப்பிள்ளைக்கும் வருமாம். மாப்பிளையின்ர தாய் அதிலை வலு கவனமாம். நாங்கள் ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டம்.

— பரம்பரையிலையும் இல்லையோ? உங்கட ஐயா என்னத்திலை மோசம் போனவர் அண்ணை?

— ஷெல் பட்டு.

— எந்த வருசம்?

— எழுபத்தாறு.

— எழுபத்தாறிலை யாழ்ப்பாணத்திலை ஆர் அண்ணை ஷெல் அடிச்சது?

— உமக்கு இப்ப சரித்திரப் பாடமோ வேணும்?

— தம்பி, நான் சொல்லுறன். மாமா தபால் கந்தோரிலை முத்திரை குத்திக்கொண்டு இருந்தவர், அப்பிடியே மேசையிலை சரிஞ்சவர். அப்ப அவருக்கு, இவருக்கு இப்ப இருக்கிறதை விட ஒரு வயசுதான் கூட. தரகருக்குச் சொல்லேக்கை இவர்தான் ஷெல் எண்டு சொல்லச் சொன்னவர். ஷெல் எண்டால் ஒருத்தரும் மேலை கேள்வி கேக்கமாட்டினமாம்.

— கொறற்றி! வாயைப் பொத்து!

— நல்லது அண்ணை. செத்தவரையும் திருப்பி ஒருக்காச் சாகடிச்சுப்போட்டியள். இப்ப அவருக்குப் பக்கத்திலை நீங்களும் போய்ப் படுக்கிறதுக்கு முந்தி, இந்தத் தெளிப்பு மருந்தை நாக்குக்குக் கீழை வாங்குங்கோ. ஆ... இன்னும் கொஞ்சம் திறவுங்கோ. சபைக் கூட்டத்திலை நல்லாத் திறப்பியளே.

— எனக்கு உம்மிலை நம்பிக்கை இல்லை, சொல்லிப்போட்டன். உம்மட வாயாலைதான் ஊர் முழுக்க நாறப்போகுது.

— அண்ணை, இந்த ஊரிலை அரைவாசித் தமிழ் வீட்டுப் படுக்கையறையும் எனக்குத் தெரியும். எந்தக் கட்டிலுக்குக் கீழை என்ன போத்தல் கிடக்கு, ஆர் எந்தக் குளிசையை ஆருக்கு ஒளிச்சுப் போடுகினம், எல்லாம் தெரியும். நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருக்கிறியளோ?

— அப்ப சொல்லும் பாப்பம். போன மாசம் நடேசன் வீட்டுக்கெண்டு கீழ்வாசல்லை உங்கட வண்டி நிண்டது. என்ன வருத்தம்?

— கடையிலை பாண் வாங்க நிப்பாட்டினனாங்கள்.

— பொய்!

— ஓம் பொய். நாளைக்கு நடேசன் அண்ணை உங்களைப் பற்றிக் கேட்டாலும் இதே பொய்தான். சட்டம் அப்பிடி. வாய் திறந்தால் என்ர வேலை போயிடும். உங்கட மானத்தை ஜெர்மன்காரன் சட்டம் போட்டுக் காப்பாத்துறான், நீங்கள் அதை விட்டுப்போட்டுப் பல்கனிக்குப் பயப்பிடுறியள்.

— தம்பி, நான் ஒண்டு சொல்லட்டே? நானே கோட்டைப் போட்டுக்கொண்டு படியாலை நடந்து இறங்கிறன். சோடா வாங்கப் போற மாதிரி. நீங்கள் வண்டியைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை விடுங்கோ.

— ரெண்டாம் மாடி மட்டும் சோடா வாங்கப் போவியள். அங்காலை உருண்டு போவியள். நடக்கவே கூடாது அண்ணை, ஒரு அடியும்.

— அப்ப அறைக்கை படுத்திருக்கிறன். அவை வந்து, சாப்பிட்டு, மட்சுக்கு வெளிக்கிட்ட உடனை ஏத்துங்கோ. கொறற்றி, இவருக்குத் திடீரெண்டு நைற் ஷிப்ற், அதாலை நித்திரை கொள்ளுறார் எண்டு சொல்லு.

— நித்திரையோ? இஞ்சேருங்கோ, மகளைப் பாக்க வருகினம், தகப்பன் இல்லையெண்டால் என்ன மரியாதை? தம்பி, ஒரு பெட்சீற்றாலை இவரை மூடிக் கொண்டுபோகேலாதோ? தலையிலை இருந்து கால் வரைக்கும்? ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

— அருமையான யோசினை அக்கா. முகத்தையும் மூடி இறக்குவம். கீழை நடேசன் வீட்டு அக்கா உடனை தமிழ் றேடியோவுக்குப் போன் பண்ணுவா. இரவைக்கே மரண அறிவித்தல் போகும். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனியை வதிவிடமாகவும்...

— பகிடி விடாதையும்!

— நீங்கள்தான் அண்ணை பகிடி விடுறியள். நல்லாக் கேளுங்கோ. உங்களுக்கு நினைவு இருக்கிற மட்டும் உங்கட விருப்பம் இல்லாமல் நான் தூக்கேலாது. அதுவும் சட்டம். அதாலை நான் இப்பிடியே சோபாவிலை இருக்கிறன். கொஞ்சத்திலை மயங்குவியள். மயங்கினாப் பிறகு ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. மாப்பிளை வீட்டுக்காரர் வரமுந்தி மயங்கிறியளோ, வடை சாப்பிடேக்கை மயங்கிறியளோ? அது உங்கட விருப்பம்.

— பாத்தியே கொறற்றி, என்ன கொழுப்பு இவருக்கு!

— அவருக்குக் கொழுப்பில்லை, உங்களுக்குத்தான்! நெஞ்சு முழுக்கக் கொழுப்பு! போதும்! நானும் உங்களோடை சேந்து வாய்வு வாய்வு எண்டு நிண்டன், பாவி. பிள்ளை அழுதழுது போன் பண்ண, நான் ஏசினனான். அவள் கீழை றோட்டிலை நிண்டு உங்கட டொக்டருக்குக் கை காட்டிக்கொண்டு நிக்கிறாள். புதுச் சீலையோடை. எனக்குச் சம்பந்தம் வேண்டாம், மாப்பிளையும் வேண்டாம். எனக்கு என்ர மனிசன் இருக்கவேணும். அவ்வளவுதான்!

— கொறற்றி... அழாதை. ஆக்கள் வாற நேரம். முகம் வீங்கீடும்.

— வீங்கட்டும்!

— அண்ணை, நான் வந்த நேரம் தொடக்கம் நக்கல் அடிச்சுக்கொண்டு இருக்கிறன். ஏனெண்டால் எனக்குப் பயமாக் கிடக்கு. உங்கட முகம் சாம்பல் நிறமாப் போகுது. நக்கலை இதோடை விடுறன். வாங்கோ, போவம்.

— தம்பி... உண்மையைச் சொல்லும். நான் செத்துப்போவனோ?

— இப்ப வெளிக்கிட்டால் பிழைக்க நல்ல சந்தர்ப்பம் இருக்கு. ஆஸ்பத்திரியிலை எல்லாம் ஆயத்தமா வைச்சிருக்கினம்.

— அவளுக்குக் கலியாணம் கட்டிவைக்காமல் நான்...

— அதுக்குத்தான் கொண்டுபோறன் அண்ணை. ஸ்ரெபன், கொம்! வரச் சொல்லுறன் அண்ணை, கதிரையை விரிப்பார்.

— கொறற்றியைக் கேட்டு அந்தக் கோட்டையாவது மேலாலை போடும். பனியனோடை இறங்கினன் எண்டு வரக்கூடாது.

— போட்டாச்சு. மாஸ்க்கும் போட்டாச்சு. மாப்பிளை மாதிரி இருக்கிறியள். அக்கா, கதவைத் திறவுங்கோ. லங்சாம், ஸ்ரெபன், மெல்ல, மெல்ல.

— தம்பி, நில்லுங்கோ! கீழை கதவடியிலை சத்தம் கேக்குது... ஐயோ மாதாவே, அவைதான்! யூலியாவோடை கதைச்சுக்கொண்டு ஏறி வருகினம்! மாப்பிளையின்ர தகப்பன் யாகோப்பர் முன்னுக்கு வாறார், கையிலை பூவோடை!

— திருப்பும்! தம்பி, திருப்பி மேலை ஏத்தும்!

— படியிலை றிவேர்ஸ் இல்லை அண்ணை.

— அப்ப என்னைக் கதைக்க விடுங்கோ. வாங்கோ யாகோப்பர், வாங்கோ, வாங்கோ! ஒண்டுமில்லை, இது... இது ஒரு புதுக் கதிரை. தீயணைப்புக்காரர் வீடு வீடாக் கொண்டுவந்து காட்டினம். நான் சும்மா இருந்து பாத்தனான்.

— அண்ணை, மாஸ்க்கைக் கழட்டிப்போட்டுப் பொய் சொல்லாதேங்கோ. போட்டுக்கொண்டு சொல்லுங்கோ.

— வாய்வு! அவருக்கு வாய்வு, யாகோப்பு அண்ணை! உளுந்து வடை! பரம்பரையிலை ஒண்டுமில்லை!

— தங்கச்சி, நீங்கள் அழாதேங்கோ. அம்புறோஸ், நீரும் கதையாதையும். முதல் அந்தப் படிக் கம்பியிலை இருந்து கையை எடுத்து நெஞ்சிலை கட்டும். போன நத்தார்ப் பெருநாளுக்கு எனக்கும் மாரடைப்பு வந்து, என்னை உந்தக் கதிரையிலை இறக்கேக்கை நானும் உப்பிடித்தான் கம்பியை இறுக்கிப் பிடிச்சு, இந்தத் தம்பியும் நானும் ஒண்டா உருளப் பாத்தனாங்கள்.