குட்டைச் சேற்றில் அணுவை நிறுத்தவருக்கு, அடிக்கப்பட்ட வரியோடு

மான்செஸ்டர் கால்வாய்க்கரை மாலைக்கல்விக் கழகத்தில் முப்பத்தோராண்டு வேதியியல் கற்பித்து இன்று ஓய்வுபெறும் ஒபதியா கிரேவ்ஸன் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் வாசித்தளிப்பது.

அளந்ததை அளந்தபடி உரைத்த ஆசானே! நிறுத்ததை நிறுத்தபடி எழுதிய நேர்மையே! நெசவாளர் வீட்டில் பிறந்து, நீராவி ஆலைகளின் புகைக்கு நடுவே நின்று, கண்ணுக்கு எட்டாத அணுவுக்கு எடை கண்ட அண்ணலே!

இப்படி அழைப்பது உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் குவேக்கர் கிறித்தவச் சபையில் யாரும் யாருக்கும் தொப்பியைக் கழற்றுவதில்லை. பிரபுவையும் வண்டிக்காரரையும் ஒன்றுபோல 'நீ' என்பீர்கள். இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வராத கோபத்தையும் சேர்த்து நாங்களே பட வேண்டியிருக்கிறது.

வகுப்பில்லாத நாளெல்லாம் ஊர்ப்புறக் குட்டைகளில் முழங்கால் சேற்றில் நின்றீர்கள். கோலால் சேற்றைக் கிளறி, மேலெழும் குமிழிகளைக் கவிழ்த்த பாட்டிலில் பிடித்தீர்கள். பார்த்தவர்கள் கிறுக்கு என்றார்கள். அந்தச் சதுப்பு வாயுவையும், சாராயத்திலிருந்து பிரித்த இன்னொரு வாயுவையும் பதினான்கு ஆண்டுகள் எரித்து எரித்து நிறுத்தீர்கள். ஒரே அளவு கரிக்குச் சாராய வாயுவில் ஹைட்ரஜன் ஒரு பங்கு. சதுப்பு வாயுவில் சரியாக இரண்டு பங்கு. ஒன்றரை என்று ஒரு தடவைகூட வரவில்லை. அணுவைப் பாதியாக நறுக்கி எந்தப் பொருளும் ஆவதில்லை என்று கரும்பலகையில் எழுதினீர்கள்.

அந்த எடைகளையெல்லாம் நீங்கள் எழுதிவைத்த அட்டவணையைப் படித்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போனார் நம் கழகத் தலைவர் சர் ஆம்ப்ரோஸ் விட்லோ. அது லண்டனில் அச்சேறியது, அவர் பெயரில்! பதக்கமும் அவருக்கே! உள்ளூர் ஆசிரியர் ஒருவர் பாட்டில் நிரப்பி உதவியதாக அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

நியாயம் கேளுங்கள் என்று மன்றாடினோம். தற்பெருமை பாவம் என்று தராசைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். "எவன் நிறுத்தா என்ன? எடை சரியா இருந்தாப் போதாதா?" என்றீர்கள்.

பாட்டில் கழுவும் டபித்தா விடவில்லை. "எடை சரிதான் ஐயா. பேருதான் பொய். பொய்ய எந்த வகுப்புலயாவது சரின்னு போட்டிருக்கீங்களா?" என்றார். நீங்கள் துடைத்த தராசையே மறுபடி துடைத்தீர்கள்.

இம்மடலுக்கும் தலைவரின் ஒப்புதல் வேண்டுமென்பது கழக விதி. ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்து, 'ஆராய்ச்சிக்கு உதவியவர்' என்று மாற்றி அனுப்பினார். அடித்த வரியை அவர் முன்னிலையிலேயே வாசிக்கிறோம்: அந்த அட்டவணையின் ஒவ்வோர் எண்ணும் ஒபதியா கிரேவ்ஸன் கண்டது, வேறு எவரும் கண்டதல்ல.

வாயுக்கள் தந்த இருமல் தணிந்து, வலுவோடும் நலத்தோடும் நெடுங்காலம் வாழ்க! அட்டவணை உங்கள் பெயரோடு மீண்டும் அச்சாவதைப் பார்க்கும்வரை நீங்கள் இருந்தே ஆக வேண்டும். அதற்குமேல் உங்கள் விருப்பம்போல் இருங்கள்.

வழக்கப்படி முதல் கையெழுத்து தலைவருடையது. இடம் விட்டிருக்கிறோம். முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார், பேனாவில் மை தொட்டு வைத்தாயிற்று. அவர் எழுந்து வரும்வரை நாங்கள் யாரும் கலைவதாக இல்லை.

இப்படிக்கு,
தலைவர்:
டபித்தா ஹோல்ராய்டு (கைநாட்டு)
மற்றும் கழகப் பணியாளர் பதினேழு பேர்