பின்பக்கத்துப் பெயர்

எனக்குப் பான்கேக் பிடிக்காது. ஆனாலும் நவம்பரில் தேர்தல் என்றால், அக்டோபரில் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் பான்கேக் விருந்துக்குப் போய், மேப்பிள் பாகு சொட்டச் சொட்ட மூன்றைத் தின்றுவிட்டுத்தான் வருவேன். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எதிராக யாரும் போட்டியிட முடியாது. ஆறு வருடத்துக்கு ஒருமுறை வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் என் பெயர் இருக்கும். இவர் பதவியில் நீடிக்கலாமா, ஆம் அல்லது இல்லை. அவ்வளவுதான் கேள்வி.

கடந்த முறை போனபோது கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரன் வர்ஜில் சிரித்தான். "ஜட்ஜ் சார், உங்க பேரையெல்லாம் யாரு படிக்கிறா? மேலேர்ந்து கீழ வரைக்கும் 'ஆம்' போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவோம்."

அவன் சொன்னது உண்மை. யாரும் படிக்கவில்லை என்றால் நாங்கள் பிழைத்தோம். என் தோழி கொரின் ஹாகனும் எங்கள் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவள்தான். ஒருவனை மரண தண்டனையிலிருந்து காப்பாற்றினாள். தேர்தல் நேரத்துத் தொலைக்காட்சி விளம்பரத்தில், அவன் கொன்றவர்களின் படத்தோடு இவள் படத்தையும் போட்டுக் காட்டினார்கள். ஊரே சீட்டைத் திருப்பிப் படித்தது. இப்போது வீட்டில் ரோஜாச் செடி வளர்க்கிறாள். தண்டனையில் செத்தவனை வைத்து யாரும் நீதிபதியைத் திட்டி விளம்பரம் போடுவதில்லை, பிழைத்தவனை வைத்துத்தான் போடுவார்கள். அவளிடம் நான் கற்ற பாடம் அது.

வெண்டல் ஸ்ட்ரோப் வழக்கைத்தானே கேட்டீர்கள்? கடைக்காரியைச் சுட்டுக் கொன்றதாக அவனுக்கு மரண தண்டனை. வேறொரு சிறையில் இருந்தவன், சுட்டது நான்தான் என்றான். துப்பாக்கியைப் புதைத்த இடத்தையும் சொன்னான். தோண்டினார்கள், கிடைத்தது. ஆனால் ஸ்ட்ரோப்பின் மனு கெடு தாண்டி வந்தது. பனிப்புயலில் வக்கீலின் கார் சாலையோரப் பள்ளத்தில் விழுந்து கிடந்ததாம். அப்படிப்பட்ட தாமதத்தை மன்னிக்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. மூன்று பேர் மன்னிக்கலாம் என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். ஏழாவது ஆள் நான்.

தீர்ப்புக்கு முந்தின நாள் கொரின் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"லோவெல், அவன் செய்யலன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"நவம்பர் தாண்டட்டும், கொரின்."

"அடப்பாவி, அவனுக்கு இந்த மாசமே தேதி குறிச்சாச்சே!"

அவள் எப்போதும் உணர்ச்சிவசப்படுகிறவள். அதனால்தான் பதவி போயிற்று.

கெடு என்றால் கெடுதான் என்று எழுதினேன். நல்ல தீர்ப்பு, ஒரு வரிகூட அதிகம் இல்லை. மாதக் கடைசியில் அவனுக்கு விஷ ஊசி போட்டார்கள். நான் அங்கே போகவில்லை, போகவேண்டும் என்று விதியும் இல்லை. ஆனால் ஒளிக்க என்ன இருக்கிறது? அவன் நிரபராதி என்று தெரிந்துதான் கொன்றேன். நவம்பரில் பத்துக்கு ஏழு பேர் 'ஆம்' என்றார்கள். இன்னும் ஆறு வருடம் நான் யாருக்கும் அஞ்சாமல் நீதி வழங்கலாம். ஒரு மாநிலத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நீங்களே யோசியுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தீர்ப்புக்கு முன்னால் நடந்த அந்தப் பான்கேக் விருந்துக்கு ஸ்ட்ரோப்பின் அம்மாவும் வந்திருந்தாள். பழைய கோட்டு, கையில் தொடாத தட்டு. நேரே என்னிடம் வந்தாள்.

"ஐயா, தபால் வோட்டு நேத்தே போட்டுட்டேன். உங்க பேருக்கு நேரா 'ஆம்'தான். நீங்க நியாயமானவருன்னு எல்லாரும் சொன்னாங்க. எம்புள்ளைய..."

வழக்குக்காரர்களோடு பேசக்கூடாது என்பது விதி. அதனால் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அவள் வாக்கும் செல்லுபடியாகி அந்த ஏழு பேர் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது. ஆகவே அவளுக்கும் இதில் சம்மதம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.