சீக்கிரம் தீர்ற பேட்டரி

— அது சரிண்ணே, இந்த ரெண்டுல எது சீக்கிரம் தீரும்?

— ரொம்ப நாள் உழைக்கிறது எதுன்னு கேக்குறீங்க. இதோ, இது. கேமரா கம்பெனிக்காரனே பண்ணின ஒரிஜினல். கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்.

— அதில்லண்ணே. சீக்கிரம் தீர்ந்துபோறது எது?

— தங்கச்சி, இருபத்திரண்டு வருஷமா இந்தக் கல்லாவுக்குப் பின்னாடி நிக்கிறேன். பேட்டரி வாங்க வந்தவங்க யாரும் இப்படிக் கேட்டு நான் பாத்ததில்ல. காசு யோசனையா? கூச்சப்படாம சொல்லுங்க.

— காசு இருக்கு. ஆபீஸ்லயே குடுத்து விட்டாங்க. சீட்டுகூட இருக்கு, பாருங்க.

— குடுங்க. ‘ஆறு பேட்டரி. ஒரிஜினல் மட்டும். பெட்டி பிரிக்காம இருக்கணும். வேற எதையும் வாங்காதே.’ கடைசி வரிக்கு அடியில ரெண்டு கோடு வேற. இந்தக் கிறுக்கல எங்கயோ பாத்திருக்கேனே. இருங்க... நம்ம கழுகுக்காரரா? தாடி வச்சுக்கிட்டு, முதுகுல எப்பவும் ஒரு மூட்டையோட?

— அவரேதான். எங்க வீட்டுக்காரர்.

— அட, அவர் சம்சாரமா நீங்க! அவரே வாங்கியிருக்கலாமே. லென்ஸ் துடைக்கிற துணி வேணும்னு நேத்துகூட வந்தாரே.

— நேத்து இங்க வந்தாரா?

— வந்தாரு. இதோ நீங்க நிக்கிற இடத்துலதான் நின்னாரு. இந்த பேட்டரி அலமாரியவே பாத்துக்கிட்டிருந்தாரு. வேற என்ன வேணும்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு போயிட்டாரு.

— வீட்டுக்கு வந்து என் கையில சீட்டத் திணிச்சாரு. ‘ஆபீஸ்ல சொல்லச் சொல்ல எழுதினேன். நீயே போய் வாங்கிட்டு வா, போன வருஷமும் நீதானே வாங்கின’ன்னாரு. குத்திக்காட்டுறாருன்னு நெனச்சுக்கிட்டே வந்தேன்.

— போன வருஷம் அப்படி என்னத்த வாங்கினீங்க?

— பஸ் நிக்கிற இடத்துல தள்ளுவண்டிக்காரர்கிட்ட... ஆறு பேட்டரி. மூணு வாங்கினா மூணு சும்மான்னாரு.

— சீப்பும் கண்ணாடியும் விக்கிற வண்டியிலயா? நல்லா இருக்கு போங்க! சொல்றேன், கேட்டுக்கங்க. வேற கம்பெனி பேட்டரி எல்லாமே மோசம்னு நான் சொல்ல மாட்டேன், நானே விக்கிறேன். ஆனா அந்த வண்டிச் சரக்கு இருக்கே, நாலு கோடு காட்டும், அடுத்த நிமிஷம் பொட்டுனு உயிர விட்டுடும். குளிர்னா இன்னும் மோசம்.

— அப்ப அது மாதிரியே ஆறு குடுங்க.

— மறுபடியும் பாரு! தங்கச்சி, அது உப்பிப்போய் கேமராவுக்குள்ளயே மாட்டிக்கும். சில சமயம் தீயே பிடிக்கும். ஆளில்லாத மலையில கூடாரத்துக்குள்ள தனியா படுத்திருக்கிற மனுஷனுக்கு அதக் குடுத்தனுப்பச் சொல்றீங்களா? என்ன ஏதுன்னு சொல்லாம நான் எதையும் எடுத்துத் தர்றதா இல்ல.

— சிரிக்க மாட்டீங்களே?

— மாட்டேன், சொல்லுங்க.

— நாளைக்குக் காலையில கெளம்புறாரு. கழுகு குஞ்சு பொரிச்சாச்சாம். அது வளந்து, கூட்ட விட்டுப் பறக்கிற வரைக்கும் இருந்து படம் எடுக்கணும். பஸ்ஸு எறங்கி ஒரு நாள் நடக்கணும். அங்க கரண்ட் கிடையாது, போன் எடுக்காது. ஒரு கடுதாசி கூட வராது. பேட்டரி தீர்ந்தாதான்ணே அவர் கீழ எறங்குவாரு.

— ஓ...

— சார்ஜ் ஏத்தினதும் ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைப்பாரு. கேமராவுல போடும்போது அதக் கழட்டிக் கையில மாட்டிக்குவாரு. கையில ஆறு சேந்துட்டா மூட்டையக் கட்ட வேண்டியதுதான். ஒரிஜினல்னா ஒண்ணு எத்தன நாளு வரும்?

— அவர் சிக்கனமா எடுக்கிறவரு. பத்து நாள்கூட வச்சு ஓட்டுவாரு.

— அறுபது நாள். நேத்துலேருந்து நானும் மனசுல இந்தக் கணக்கத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். போன வருஷம் தள்ளுவண்டி பேட்டரியோட போனவரு பத்தாம் நாளே கதவத் தட்டினாரு. நான் மாவு கையோட போய்த் தொறந்தேன். ‘பேட்டரி ஏமாத்திடுச்சு’ன்னாரு, அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டல. மறுநாள் பாப்பா சுவத்த விட்டுட்டு மூணு எட்டு நடந்தா. நடந்து போய் அவர் முட்டியத்தான் பிடிச்சா.

— சரியா வந்து சேந்திருக்காரு மனுஷன்.

— ஆனா படம் போச்சே. குஞ்சு பறக்கிற படம். அதுக்காக மூணு வருஷம் அலைஞ்சாருண்ணே. ஆபீஸ்ல வாங்கிக் கட்டிக்கிட்டாரு. சிக்கனம் பண்றேன்னு நான்தானே கெடுத்தேன்? பதினோரு மாசமா அத நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. அப்படி இருந்தும் இன்னைக்கு வந்து திரும்ப அதையே கேக்குறேன் பாருங்க. எனக்கே என்னப் பிடிக்கல.

— போகாதீங்கன்னு வாயத் தொறந்து சொல்லிட வேண்டியதுதானே?

— கழுகப் பத்திப் பேசும்போது அவர் மூஞ்சியப் பாத்திருக்கீங்களா?

— பாத்திருக்கேன். கடைய மறந்து கேட்டுக்கிட்டு நிப்பேன்.

— அந்த மூஞ்சியப் பாத்து எப்படிண்ணே சொல்றது? அவர் போயிட்டா சாயங்காலம் கை தானா ரெண்டு டம்ளர எடுக்குது. அப்புறம் ஒண்ணத் திரும்பக் கவுத்து வைக்கிறேன். தெனமும் அதே தப்பு. பாப்பா அவர் செருப்பத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குது, புடுங்கினா அழுவுது. எனக்கு அவர் வேணும்ணே. கடையில நின்னு பேசுற பேச்சா இது, ஆனா வேற யார்கிட்ட சொல்ல?

— அழாதீங்க தங்கச்சி. என் வீட்டுக்காரி அவ அக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் போனாலே எனக்குக் கடையப் பூட்டிட்டு வீட்டுக்குப் போக மனசு வராது. அவரும் அங்க உங்கள நெனச்சுக்கிட்டுதான் இருப்பாரு.

— அவரா? வாயில வராது. கல்யாணமான புதுசுல ஒரு தடவ சொன்ன நாளுக்கு முன்னாடியே வந்து நின்னாரு. என்னாச்சுன்னு ஆசையா கேட்டா, ‘அங்க தண்ணி சரியில்ல’ன்னாரு.

— ஆம்பளைங்க பொழப்பே அதான். சரி, அது என்ன கையில இன்னொரு பை?

— பழைய பேட்டரி. தள்ளுவண்டில வாங்கினது. குப்பையில போடாதீங்க, கடையில குடுங்கன்னு வாசல்ல போர்டு வச்சிருக்கீங்களே. பரண்மேல போட்டிருந்தாரு. ‘ஆறும் செத்துப்போச்சு, நீ தொடாத’ன்னாரு. காலையிலதான் எறக்கினேன்.

— இப்படிக் கொட்டுங்க. அய்யய்ய, முடிச்சக்கூட அவுக்காம அப்படியே கெடக்கு. ஒண்ணு, ரெண்டு... தங்கச்சி.

— உப்பியிருக்கா?

— உப்பலெல்லாம் இல்ல. சார்ஜ் ஏத்தினதும் ரப்பர் பேண்ட் போடுவாருன்னீங்கல்ல?

— ஆமா.

— கேமராவுல போடும்போது கழட்டிடுவாரு.

— ஆமா. ஏன்?

— இதுல நாலுக்கு ரப்பர் பேண்ட் இருக்கு. காஞ்சு ஒட்டிப்போய்க் கெடக்கு, பாருங்க.

— திரும்ப ஏதாவது மாட்டியிருப்பாரு.

— இருங்க, சோதிக்கிற மிஷின்ல வைக்கிறேன். பாருங்க. வருஷம் முழுக்கப் பரண்ல சும்மா கெடந்தும் மூணு கோடு நிக்குது. இதுவும் மூணு. இதுவும். இது ரெண்டரைன்னு வச்சுக்கங்க. பேண்ட் இல்லாத ரெண்டுதான் தீர்ந்திருக்கு. இந்த நாலும் கேமராவுக்குள்ளயே போகல.

— ஆறும் செத்துப்போச்சுன்னாரே.

— அவர் வந்தப்ப கையில எத்தன பேண்ட் இருந்துச்சு?

— ரெண்டு. மீதி நாலும் வழியில அறுந்து விழுந்துடுச்சுன்னாரு.

— அறுந்து விழுந்துச்சாமா! அறுந்தது ஒண்ணும் இங்க இல்ல தங்கச்சி. முழுசா பேட்டரியிலதான் இருக்கு. உங்கள ஏமாத்தினது பேட்டரி இல்ல.

— நாலு பேட்டரி கையில வச்சுக்கிட்டு... கழுகக்கூட விட்டுட்டு...

— இதுவும் தண்ணி சரியில்லாத கதைதான்.

— பதினோரு மாசம்ணே. என்னாலதான் படம் போச்சுன்னு பதினோரு மாசம். அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?

— திட்டுறீங்களா, சிரிக்கிறீங்களா? எனக்கு வெளங்கல.

— எனக்கும்தான். அதான் நேத்து இங்க வந்து நின்னுட்டு, வாங்காம என்னைய அனுப்பினாரா?

— அப்படித்தான் இருக்கும். சரி, இனி என்ன கவலை? ஒரிஜினல் ஆறு கட்டிடறேன். பேட்டரி எதுவா இருந்தா என்ன, அவருக்குத் தோணினா வந்துடப் போறாரு.

— வேணாம்ணே.

— என்னது வேணாமா?

— நடுவுல ஒண்ணு இருக்கா? உப்பக் கூடாது, தீப்பிடிக்கக் கூடாது. படந்தான் வேணும்னு அவருக்குத் தோணிச்சுன்னா குஞ்சு பறக்கிற வரைக்கும் ஓடவும் ஓடணும். ஆனா பாக்க மட்டமா இருக்கணும்.

— இருக்கு. இது வேற கம்பெனி, ஆனா நாணயமானவன். ஒரிஜினலுக்குப் பக்கத்துல நிக்கும். கேமராவுல போட்டா மட்டும், ‘இது நம்ம கம்பெனி பேட்டரி இல்ல, போடலாமா’ன்னு ஒரு தடவ கேக்கும். பேர் யாருக்கும் தெரியாது, அதனால எவனும் நம்ப மாட்டான்.

— அதுதான் வேணும். ஆறு குடுங்க.

— சீட்டுல ரெண்டு கோடு போட்டிருக்காரே! ஆபீஸ்ல கேட்டா என்ன சொல்லுவாரு?

— பொண்டாட்டி மாத்தி வாங்கிட்டான்னு சொல்லட்டும். மிச்சக் காச நானே ஆபீஸ்ல கொண்டு போய்க் குடுத்திடறேன்.

— எல்லாம் சரி தங்கச்சி. உண்மைதான் தெரிஞ்சுபோச்சே, இனிமே ஒரிஜினல் வாங்கறதுக்கு என்ன?

— என்னண்ணே நீங்க, ஒரிஜினலக் குடுத்தனுப்பிட்டா, பத்தாம் நாள் வாசல்ல நின்னு அவர் என்னத்தச் சாக்கு சொல்லுவாரு?