அழாத குழந்தையின் வலி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு நர்சுகள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அழாத கொழந்தைக்கும் வலிக்கும்னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

"எந்தக் கொழந்தை?"

"கால்ல சுடுதண்ணி கொட்டிக்கினு வந்துச்சே, கோவளத்துப் பொண்ணு. சத்தமே போடலன்னு டாக்டரு வலி மருந்து வேணாம்னாரு. சிரிக்கிற மூஞ்சிலேந்து அழுவுற மூஞ்சி வரைக்கும் வரிசையா படம் போட்ட அட்டைய நீட்டி, உனக்கு எப்டி கீதுன்னு அத்தாண்ட கேட்டேன். கடைசில கீற அழுவுற மூஞ்சியத் தொட்டுச்சு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஒடனே வலி மருந்து எழுதினாரு. கொஞ்ச நேரத்துல அது எழுந்து உக்காந்து இட்லி கேட்டுச்சு. சாயந்தரம் அடுத்த பெட்டு கொழந்தைகிட்ட அவரே அட்டைய நீட்டினாரு."

மூத்தவள் சத்தமாகச் சிரித்தாள்.

"நாளைக்கு எங்க வார்டுக்கும் அந்த அட்டை ஒண்ணு எடுத்தாடி."