இருபத்திரண்டு பேரும் உள்ளே

டெல்லிக்கு ஊர் பார்க்கப் போகிறவர்கள் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது. அங்கே பழைய ஊரில் பார்க்க வேண்டியதெல்லாம் நடந்தே பார்க்க வேண்டியவை. பாதி வழியில் செருப்பு கடித்தால் கோட்டையும் தெரியாது, மசூதியும் தெரியாது, கட்டைவிரல் மட்டும்தான் தெரியும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

வக்கீல் ஐயா, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னீர்கள். "இன்னா நடந்துச்சோ அத்த உள்ளபடி எழுதிக்கினு வா, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். எனக்குச் சுருக்கமாகப் பேசவே வராது, எழுத எப்படி வரும்? ஊரில் எனக்கு வாயாடி பச்சமுத்து என்றுதான் பெயர். சாவு வீட்டிலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் பந்தலைவிட்டு எழுந்திருப்பேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நைனார்பாளையத்தில் எங்கள் நிலம் கூட்டுப் பட்டா. என் பேர், அக்கா ராணியம்மாள் பேர், அண்ணன் சின்னக்கண்ணு பேர். ஏழு வருஷமாகத் தகவல் இல்லாதவனை இறந்தவனாகக் கருதச் சட்டத்தில் இடம் உண்டு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அண்ணன் பேரை எடுக்கக் கேட்கிற மனுவில் அக்கா மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். "அவன் வருவான்டா. வந்து எம்பேரு எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ?" என்கிறாள். களமருதூரில் புருஷன் வீட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம்.

அண்ணனைப் பற்றி முதலில் எழுத வேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவன். உடம்பு வளர்ந்தது, புத்தி ஆறு வயதில் நின்றுவிட்டது. யாரையும் அடிக்க மாட்டான், எதையும் எடுக்க மாட்டான். என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்வான், அவ்வளவுதான். களத்துக்கு, கடைக்கு, பஸ்ஸுக்கு, எங்கே போனாலும் பின்னால் ஒரு கை. தூங்கும்போதும் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். என் சட்டைகள் எல்லாம் முன்பக்கம் புதிதாக இருக்கும், பின்பக்கம் கந்தலாக இருக்கும். கோயில் கும்பிடப் போனால் சாமிக்குத் தெரியாது, பின்னால் நிற்கிறவர்களுக்குத்தான் என் நிலைமை தெரியும்.

பெண் பார்க்க ஒன்பது வீட்டுக்குப் போனேன். ஒன்பது வீட்டிலும் அவனும் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். எட்டாவது வீட்டில் அந்தப் பெண்ணே நேராகக் கேட்டாள்: "கல்யாணத்துக்கு அப்புறம் அவரு எங்க படுப்பாரு?" நான் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். அப்போது எனக்கு முப்பத்தாறு.

அவனுக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. ஒருமுறை கள்ளக்குறிச்சி சந்தையில் கூட்டத்தில் கை நழுவிவிட்டது. நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். தேடிவிட்டுத்தான் வந்தேன், அதிக நேரம் இல்லை. மறுநாள் காலையில் திண்டாடித் திணறி வந்து நிற்கிறான். எப்படி வந்தாய் என்றால், "மலைய சோத்தாங்கைப் பக்கம் வெச்சிக்கினு நடந்தேன் தம்பி" என்கிறான். கல்வராயன் மலை கண்ணில் படுகிற வரைக்கும் அவன் எங்கே விட்டாலும் வந்துவிடுவான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறாம் வருஷம் எங்கள் ஊரிலிருந்து ஒரு கூட்டம் டெல்லி பார்க்கக் கிளம்பியது. அங்கே மத்திய அரசு ஆபீசில் வேலை பார்க்கிற ஆரோக்கியதாஸ் திருக்கோவிலூர்க்காரர், எனக்குப் பழக்கம். தானே கூட நடந்து எல்லாவற்றையும் காட்டுவதாக எழுதியிருந்தார். நான் பதில் எழுதும்போது, அங்கே மலை ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தேன். ஸ்டேஷனில் இறங்கியதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "யோவ், மலையப் பாக்கணும்னா வெள்ளிமலைக்குப் பஸ் ஏறுவியா, டெல்லிக்கு வருவியா? நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்க வூடுதான்யா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணனுக்கு அந்தப் பயணத்துக்காகப் புதுச் செருப்பு வாங்கியிருந்தேன். கடையில் என் காலுக்குப் போட்டுப் பார்த்து வாங்கியது. அவன் பாதம் என்னுடையதைவிட ஒரு விரற்கடை நீளம்.

எங்களோடு சேர்த்து மொத்தம் இருபத்திரண்டு பேர். தலை எண்ணுகிற வேலை எனக்கு. களத்தில் நெல் அளக்கிறவன் நான்தான் என்பதால் ஊரே சேர்ந்து கொடுத்த பதவி. நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. "லாபம்" என்போம், அடுத்தது ரெண்டு. டெல்லியிலும் அப்படியே எண்ணினேன். பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அண்ணன்தான் எப்போதும் லாபம். நான் "லாபம்" என்றதும் அவன், "இருக்கேன் தம்பி" என்பான். பிறகு ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து எண்ணுவேன். கடைசியில் என் தலையில் நானே வைத்துக்கொள்வேன். இந்தக் கூத்தைப் பார்க்க வடக்கத்திக்காரர்கள் கூடிவிடுவார்கள்.

"பச்சமுத்து, எங்கள இன்னா மூட்டையா கட்டி ஏத்தப் போற?" என்பாள் பெரியநாயகி. எங்கள் தெருக்காரி, கூட்டத்திலேயே என்னைவிட வாய் ஜாஸ்தி.

"உன்ன ரெண்டு மரக்காலா எண்ணணும்க்கா. அளவுல நேர்மை வேணும்ல" என்பேன்.

நாட்டில் அப்போது நேரம் சரியில்லை. அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் இடஒதுக்கீடு வேண்டும் என்று மரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள். டெல்லியில் ஏன் கொடுத்தாய் என்று பஸ்ஸைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஆக, கேட்டாலும் பஸ் ஓடாது, கொடுத்தாலும் ஓடாது. அதனால் எங்களுக்குக் கால்நடைதான் வாய்த்தது.

அன்று காலை செங்கோட்டையில் ஆரம்பித்தோம். அண்ணன் அந்தச் சிவப்புச் சுவரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மலையா தம்பி?" என்று கேட்டான். இல்லை, சுவர் என்றேன். அதற்குப் பிறகு சாந்தினி சௌக்கில் நடந்தோம். ஒரு காலத்தில் நடுத்தெருவில் வாய்க்கால் ஓடியதாம். ஆரோக்கியதாஸ் சொன்னதும், எங்கள் ஆட்கள் மடை எந்தப் பக்கம், தண்ணீர் முறை யாருக்கு என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு சந்துகளுக்குள் போனோம். அங்கே ஒவ்வொரு சந்துக்கும் வாசலில் பெரிய மரக்கதவு, அதற்குள் ஓர் ஆள் நுழைகிற திட்டிவாசல். "ஊர்ல கலகம்னா இத்த சாத்திக்குவாங்க. சாத்திட்டா உள்ள இருக்கறவன் உள்ளதான், வெளிய இருக்கறவன் வெளியதான்" என்று ஆரோக்கியதாஸ் விளக்கினார். எல்லோரும் கதவில் அடித்திருந்த பெரிய ஆணிகளைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் கதவின் கனத்தைப் பார்த்தேன்.

அரை மணி நேரத்தில் அது நடந்தது. பெரிய தெருவுக்குத் திரும்பியபோது ஊர்வலம் ஒன்று ஓடி வந்தது, பின்னால் போலீஸ் வந்தது, கல் பறந்தது. கடைக் கதவுகள் சடசடவென்று இறங்கின. ஆரோக்கியதாஸ், "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கத்திக்கொண்டு எல்லோரையும் பக்கத்துச் சந்துக்குள் தள்ளினார். காவல்காரக் கிழவர் பெரிய கதவைச் சாத்திவிட்டார். திட்டிவாசல் மட்டும் திறந்திருந்தது. "எண்ணுய்யா சீக்கிரம்" என்றார் ஆரோக்கியதாஸ். நான் திட்டிவாசலை மறித்து நின்று எண்ணினேன். இருபத்திரண்டு. "சரியா இருக்கு, சாத்துங்க" என்றேன்.

இருட்டுகிற வரை உள்ளே இருந்தோம். தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு வீட்டுக்காரம்மாள் ரொட்டி கொடுத்தாள். இருபுறமும் மூன்று மாடிச் சுவர், மேலே வேட்டி அகலத்துக்கு வானம். நடுவில் பெரியநாயகிதான் கேட்டாள்: "சின்னக்கண்ணு எங்க?"

தேடினோம். சந்து உள்ளே போய் நாலாகப் பிரிந்தது, அதில் ஒன்றுக்கு அந்தக் கடைசியில் வேறு ஒரு வழி இருந்தது. கதவைத் திறந்தபோது வெளியே, படியோரம், அவனுடைய செருப்பு இரண்டும் ஜோடி சேர்த்து ஒழுங்காக விட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்திருக்கிறான், அந்தக் கடைசி வழியாக வெளியே போயிருக்கிறான் என்றார்கள். பெரியநாயகி சத்தியம் செய்தாள். "எண்ணும்போது இருக்கேன்னான்யா. எங்காதால கேட்டேன்." போலீசிலும் அப்படியே எழுதினார்கள். நான்கு நாள் அந்தப் பின்பக்கத் தெருக்களில் தேடினோம். ஆரோக்கியதாஸ் ஒவ்வொரு சந்திலும் "சின்னக்கண்ணு" என்று கூப்பிட்டு அழுதார். எனக்கு அவரைத் தேற்றவே நேரம் சரியாக இருந்தது. முன்பக்கத் தெருவில் யாரும் தேடவில்லை.

ஊருக்கு வந்ததும் அக்கா அடித்தாள், வாங்கிக்கொண்டேன். அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. மணிமொழி நல்ல பெண். மகள் அபிநயாவுக்கு இப்போது ஐந்து வயது. செருப்பை வீணாக்க மனம் வரவில்லை, என் காலுக்குச் சரியாக இருந்தது, இரண்டு வருஷம் உழைத்தது. களத்துக்கு மட்டும் இப்போது என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நான் அளக்கும்போது ஒன்று என்று ஆரம்பிக்கிறேனாம். விளங்காத அளவு என்று மரக்காலைப் பிடுங்கிக்கொண்டார்கள். அபிநயா நடக்கப் பழகியபோது என் சட்டையைப் பின்னால் பிடித்தாள். நான் அவளை முன்னால் விட்டு நடக்கப் பழக்கினேன். அவள் ஒழுங்காகத்தான் நடக்கிறாள். இன்றைக்கும் நடக்கும்போது பின்பக்கம் கனமாகத்தான் இருக்கிறது. வைத்தியர் வாயு என்கிறார்.

நீங்கள் சான்று ஏதாவது இருந்தால் வைக்கச் சொன்னீர்கள். ஒரு சீட்டு இணைத்திருக்கிறேன். விடுதியின் பெயரும் விலாசமும் இந்தியில் எழுதி, ஆரோக்கியதாஸ் முதல் நாளே இருபத்திரண்டு பேர் பையிலும் ஆளுக்கு ஒன்று போட்டார். இது அண்ணன் சட்டைப்பையில் இருந்தது. அன்று காலை வியர்வையில் நனைந்துவிடுமே என்று நான் எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

உள்ளபடி எழுதச் சொன்னதால் இன்னும் ஒன்று. கல் பறந்தபோது அண்ணன் என் சட்டையை விடவில்லை. செருப்பு கடித்துக் கால் ரத்தமாக இருந்தது, நொண்டிக்கொண்டே பிடித்திருந்தான். சந்து வாசலில் நான்தான் கையைப் பின்னால் கொண்டுபோய் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். "இங்கயே குந்து, இதோ வந்துட்றேன்" என்றேன். படியில் உட்கார்ந்தான். நான் சொன்னால் எழுந்திருக்க மாட்டான். உள்ளே போய், திட்டிவாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்போது அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"லாபம்" என்றேன்.

"இருக்கேன் தம்பி" என்றான், வெளியே இருந்து. முதுகுக்குப் பின்னால், எப்போதும் கேட்கிற இடத்திலிருந்துதான் கேட்டது. அதனால் நான் ரெண்டு என்று ஆரம்பித்தேன்.

ஐயா, மனுவில் நீங்கள் அடித்துக் கொடுத்த வாசகத்தில், எவ்வளவு கூப்பிட்டும் தேடியும் அவரிடமிருந்து பதில் ஏதும் இல்லை என்று ஒரு வரி வருகிறது. நான் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை, அதற்கும் அவன் பதில் சொல்லிவிட்டான். நான் பொய் எழுதிப் பழக்கமில்லாதவன். அந்த ஒரு வரியை மட்டும் நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்ளவும்.