மண்டியிட்ட கதையை மறைக்க மாட்டேன்

இந்த மேடையின் ஐந்து படிகளையும் கைப்பிடியின் துணைகொண்டு வென்று வந்து வீற்றிருக்கும் விழாத் தலைவர் அண்ணன் பொன்னுசாமி அவர்களே, வளைய மறுத்த எங்கள் கால்களை வாஞ்சையோடு வளைத்துவிட்ட இயன்முறை மருத்துவர் தங்கை சுமலதா அவர்களே, முன்வரிசையில் கால்நீட்டி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, உட்காரும்போது ஒரு 'அம்மா'வும் எழும்போது இரண்டு 'அப்பா'வும் சொல்லிப் பழகிவிட்ட என் அருமைத் தாய்மார்களே, ஓசூர் மாற்று முழங்கால் நண்பர்கள் மன்றத்தின் ஓராண்டு நிறைவுக்குத் திரண்டு வந்திருக்கும் உருக்கு மூட்டு உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் வெள்ளைச்சாமியின் வணக்கம்.

தெற்கே பிறந்தவன் நான். பிழைப்புத் தேடி ஓசூர் வந்து, சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் முப்பத்தோரு ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவன். வேலை முடிந்தால், அதே ஆலை வாசலில் தொழிற்சங்கத்துக்காக நின்றே பேசியவன். என்ன பேசினேன்? பட்டினி கிடப்போம், மண்டியிட மாட்டோம். பணியை இழப்போம், மண்டியிட மாட்டோம். முழங்கினேன், முழங்கினேன், முழங்கால் தேயும்வரை முழங்கினேன். தேய்ந்தே விட்டது. எலும்போடு எலும்பு உரசிற்று. இரண்டு மூட்டுகளையும் மாற்றினார்கள்.

மாற்றிய பின் நடந்தேன். மாடி ஏறினேன். பாகலூர் சாலையைக் குறுக்கே கடந்தேன். புது மூட்டு போடாதவர்களுக்கே அது அரிய செயல். ஆறாம் மாதம் சுமலதா சொன்னார், "ஐயா, டாக்டர் சரின்னுட்டாரு. மெத்தை மேல கொஞ்சம் கொஞ்சமா முட்டி போட்டுப் பழகுங்க. தரையில உக்காந்துட்டா எந்திரிக்க அதான் வழி."

நான் என்ன சொன்னேன்? "தங்கச்சி, நிர்வாகத்துக்கே முட்டி போடாதவன் நான். மெத்தைக்கா போடப்போறேன்?"

கைதட்டாதீர்கள். அது வீரம் அல்ல, பயம். உள்ளே இருக்கும் உலோகம் விரிசல் விட்டுவிடுமோ, தைத்த இடம் பிளந்துவிடுமோ என்று நடுங்கினேன். அந்த நடுக்கத்துக்கு மானம் என்று பெயர் வைத்தேன்.

போன ஆண்டு ஒரு சித்திரைக் காலை. என் மனைவி ஜோதிமணி சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பொங்கல் வைக்கப் போனாள். குக்கரின் ரப்பர் வளையம் கைநழுவி உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் புகுந்தது. அதை எடுக்கச் சுவரோடு சரிந்து தரையில் அமர்ந்தேன். வளையம் வந்தது. நான் எழவில்லை. தூக்கிவிட வந்தாள் ஜோதிமணி. அவளுக்கும் தேய்ந்த மூட்டுதான், இன்னும் மாற்றாத மூட்டு. அவள் என்னை இழுத்தாள். நான் அவளை இழுத்தேன். என் கை வென்றது. இப்போது தரையில் இருவர். கதவு உள்தாழ். கைபேசிகள் இரண்டும் ஃபிரிட்ஜின் தலைமேல்.

சிரிக்கலாம், தடையில்லை. அன்று சிரித்தவர் பக்கத்து வீட்டு பாப்பம்மா. சன்னலில் எட்டிப் பார்த்தார். "என்னண்ணா, அக்காவும் நீயும் கீழ குந்திக்கினு இருக்கறீங்க?"

எழ முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? என் நாக்கு சொல்லுமா? "தரை குளுகுளுன்னு இருக்கும்மா. பேசிக்கிட்டு இருக்கோம்."

அவர் போய்விட்டார். ஜோதிமணி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க இலக்கணத்தில் இடமில்லை. ஒரு மணி நேரம் கழித்து பாப்பம்மா மீண்டும் வந்து, "இன்னுமா பேசறீங்க?" என்றார். "இப்பத்தான் கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்திருக்கோம்" என்றேன். அந்த நல்ல மனுஷி சன்னல் திட்டில் இரண்டு தம்ளர் காபி வைத்துவிட்டுப் போனார். எட்டாத உயரத்தில் ஆவி பறந்தது காபி. எட்டாத உயரத்திலேயே ஆறியும் போனது.

அவையோரே, இதற்குமேல் எனக்குச் சிரிப்பு வராது. மூன்றாவது மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஜோதிமணி பேசாமல் இருந்தாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. திரும்பினேன். நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. மாத்திரை போட்டவள், ஒரு வாய் உண்ணாதவள். "என்னங்க, கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்றாள்.

சன்னலைப் பார்த்து பாப்பம்மாவைக் கூவி அழைத்தேன். பதில் இல்லை. சர்க்கரை டப்பா எங்கே? சமையல் மேடைமேல். அதற்குப் போகும் வழி எது? சுமலதா சொன்ன வழி ஒன்றே. தோளில் கிடந்த துண்டை நான்காக மடித்துப் போட்டேன். பக்கவாட்டில் புரண்டேன். கைகளை ஊன்றினேன். முதலில் வலது முட்டி, பிறகு இடது முட்டி. பிளந்ததா? இல்லை. விரிந்ததா? இல்லை. தழும்பைச் சுற்றி மரத்துப்போய், யாருடைய முட்டியையோ இரவல் வாங்கி ஊன்றியது போல இருந்தது, அவ்வளவுதான். நாற்காலியைப் பிடித்தேன். ஒரு பாதத்தை முன்வைத்தேன். எழுந்தேன்.

சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தேன். அவளோ தரையில். குனிந்தால் கை எட்டவில்லை. யோசித்தேனா? ஒரு நொடியும் யோசிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மீண்டும் மண்டியிட்டேன். தலையைத் தாங்கி வாயில் வைத்தேன். குடித்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தாழ்ப்பாள் தெறிக்கக் கதவு திறந்தது. தீயணைப்புத் துறையினர் நான்கு பேர். ரெண்டு பேர் தரையோடு ஒட்டிக்கொண்டார்கள் என்று பாப்பம்மா சொல்லி, கையோடு அழைத்து வந்திருக்கிறார். அவர்கள் கண்டது என்ன? மனைவி முன் மண்டியிட்டுத் தம்ளர் ஏந்தி நிற்கும் ஒரு கிழவன். அதிகாரி தொப்பியைக் கழற்றினார். "சார், குடும்ப விஷயமா? நாங்க வெளிய நிக்கட்டுமா?"

ஜோதிமணி தெளிந்து முதலில் சொன்ன சொல், "இதுக்கு மூணு மணி நேரமா?"

மாலைக்குள் செய்தி சிப்காட் முழுவதும் பரவிற்று. வெள்ளைச்சாமி மண்டியிட்டான். இதோ முன்வரிசையில் இருக்கும் தோழர் பெருமாள் தலைமையில் ஏழு பேர் தூதுக்குழுவாக வந்தார்கள். பெருமாள் கேட்டார், "தோழர், மண்டி போட்டீங்களாமே. என்ன ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டீங்க?"

மறைக்காமல் முழுவதையும் சொன்னேன். பிறகு பெருமாள் தன் வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றினார். அங்கே ஒரு தழும்பு. "எனக்கும் பயந்தான். ரெண்டு வருசமாச்சு" என்றார். அந்தத் தழும்பிலிருந்து பிறந்ததுதான் இந்த மன்றம். ஞாயிறுதோறும் மெத்தை விரித்து, சுமலதா சொல்லித்தர, இன்று முப்பத்தாறு பேர் முட்டி போடுகிறோம். முட்டி போட மருத்துவர் அனுமதிக்காதவர்கள் நாற்காலியில் அமர்ந்து எண்ணிக்கை சொல்கிறார்கள்.

அஞ்சி மண்டியிடுவது இழிவு; ஐயமில்லை. ஆனால் அன்புக்கு மண்டியிட அஞ்சுவது? விழுந்தவரை எடுக்கக் குனிய அஞ்சுவது? மனைவியின் உயிரை விட மூட்டின் பளபளப்பைப் பெரிதாக எண்ணுவது? நிமிர்ந்து நிற்பதற்கு மட்டுமா கேட்டோம் இந்தக் கால்களை? இறங்கவும் கேட்போம், ஏறவும் கேட்போம், இரண்டுக்கும் நடுவே ஒரு கை கேட்கவும் கூச மாட்டோம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், மூன்றாவது வரிசையில் அமர்ந்து நான் எதையாவது விட்டுவிடுகிறேனா என்று கவனிக்கும் ஜோதிமணிக்கும், தீயணைப்பு நிலையத்தாருக்கும், காபிக்காக பாப்பம்மாவுக்கும் நன்றி. இனி, இதோ இந்த மெத்தையில் மண்டியிட்டு உங்களை வணங்கி விடைபெறுகிறேன். ஒலிபெருக்கிக்காரர் தயவுசெய்து மைக்கைக் கீழே இறக்கவும். தலைவர் அவர்கள் மன்னிக்கவும், எனக்குத் தங்கள் நாற்காலி வேண்டும். பதவிக்காக அல்ல, பிடித்து எழுவதற்கு.